கோடியக்கரைக்கு வருவதானால் முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

"வேளாங்கண்ணிக்கு வருகிறோம், அப்படியே கோடியக்கரையையும் பார்த்துவிட்டுப் போகலாமா டீச்சர்?" என்று வருடா வருடம் யாராவது கேட்கிறார்கள். கேட்பது பெரும்பாலும் மே மாதம், பிள்ளைகளுக்கு லீவு விட்ட சமயம். நான் சொல்லும் பதில் மாறுவதில்லை. மே மாதம் வேண்டாம், 'அப்படியே'யும் வேண்டாம். கோடியக்கரைக்கென்று தனியாக வாருங்கள், இரண்டு இரவு தங்குங்கள், மழை முடிந்த பிறகு வாருங்கள். இந்த மூன்றும் சரியாக அமைந்தால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

நான் வேதாரண்யத்தில் பள்ளி ஆசிரியை. உயிரியல் பாடம். பிறந்து வளர்ந்ததும் இங்கேதான். ஊருக்கு மேற்கே எங்களுக்குக் கொஞ்சம் மாந்தோப்பும் முல்லைக் கொல்லையும் உண்டு. வெளியூரிலிருந்து வரும் நண்பர்கள், உறவினர், கூட வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் என்று பலரையும் கோடியக்கரைக் காட்டுக்கும் சதுப்புக்கும் அழைத்துப் போய்க்கொண்டே இருக்கிறேன். நாளையும் நேரத்தையும் பார்த்து வந்தவர்கள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள். மதியம் பன்னிரண்டு மணிக்குக் காரில் வந்து இறங்கியவர்கள் "இங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் கேள்வி எனக்கு வலிக்கும். இதை எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். சென்னையிலிருந்து தெற்கே நேராக இறங்கி வரும் கடற்கரை கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. அந்த மூலைதான் இது. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. எதிரே யாழ்ப்பாணக் கரை ஐம்பது சொச்சம் கிலோமீட்டர்தான். மூலைக்கு மேற்கே, கடலுக்கும் ஊர்களுக்கும் நடுவில், முத்துப்பேட்டை வரைக்கும் சதுப்பு நிலம் நீண்டு கிடக்கிறது. காடு, சதுப்பு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு எல்லாம் சேர்த்து 385 சதுர கிலோமீட்டர் பரப்பை 2002ஆம் ஆண்டு ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்த்தார்கள். ஆகவே நீங்கள் பார்க்கப் போவது ஒரு கடற்கரை மட்டுமல்ல. வறண்ட பசுமைமாறாக் காடு ஒன்று, உப்பும் சேறுமான பெருவெளி ஒன்று, மீனவர் கரை ஒன்று. மூன்றுக்கும் நேரம் வேறு வேறு.

மாதம்

எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். வடகிழக்குப் பருவமழை. பறவைகள் அதற்கு முன்பே, செப்டம்பர், அக்டோபரிலேயே வடக்கிலிருந்து வந்து இறங்கத் தொடங்கிவிடும். அக்டோபரில் காட்டுக்குள் ஆறுமணிக்குருவியைப் பார்க்கலாம். இமயமலை அடிவாரத்திலிருந்து கிளம்பித் தெற்கே போகும் வழியில் இங்கே தங்கி இளைப்பாறும். அதைப் பார்ப்பதற்கென்றே வருகிறவர்கள் இருக்கிறார்கள். பறவைகளில் பழக்கம் உள்ளவர்களானால் அக்டோபர் நல்ல மாதம்.

முதல் முறை வருகிறவர்களுக்கு நான் சொல்வது மார்கழிப் பாதியிலிருந்து மாசி முடிய. அதாவது ஜனவரி, பிப்ரவரி. காரணம் பூநாரை (ஃபிளமிங்கோ). அதற்குக் கணுக்கால் அளவோ முழங்கால் அளவோ தண்ணீர் வேண்டும், அந்தத் தண்ணீரில் உப்பு வேண்டும், அடியில் சேறு வேண்டும். மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது சதுப்பு நிரம்பித் தண்ணீர் ஆழமாகி, நல்ல தண்ணீராகவும் ஆகிவிடும், கூட்டம் சிதறிவிடும். மழை விட்டுப் பத்துப் பதினைந்து நாள் வெயில் அடித்து, தண்ணீர் வற்றத் தொடங்கி, ஓரங்களில் சேறு பளபளக்கும் நேரம்தான் சரியான நேரம். எனவே டிக்கெட் போடும் முன் வேதாரண்யம் பக்கம் யாரையாவது பிடித்து "மழை விட்டுவிட்டதா?" என்று கேளுங்கள். காலண்டரைவிட அந்தப் பதில்தான் முக்கியம். சில வருடம் மழை டிசம்பர் கடைசி வரைக்கும் இழுக்கும்.

புயல் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடந்தது. எங்கள் தோப்பில் என் தாத்தா வைத்த மாமரங்கள் வேரோடு படுத்துக் கிடந்தன. கோடியக்கரை வன உயிரினச் சரணாலயத்திலும் மரங்கள் முறிந்தன, மான்களும் பறவைகளும் செத்தன. அந்த நினைவு ஊரில் யாருக்கும் போகவில்லை. ஆகவே நவம்பரிலும் டிசம்பர் தொடக்கத்திலும் வருவதாக இருந்தால், ரத்து செய்ய முடியாத அறையைப் பதிவு செய்யாதீர்கள். வானிலை மையம் காற்றழுத்தத் தாழ்வு என்று சொன்னால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். பறவை அடுத்த மாதமும் இருக்கும்.

ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கடலில் நீராடப் பெருங்கூட்டம் வரும். கோடியக்கரையை ஆதிசேது என்று சொல்வார்கள். நீராடத்தான் வருகிறீர்கள் என்றால் அன்றைக்கே வாருங்கள். காட்டையும் பறவையையும் பார்க்க வருவதானால் தை அமாவாசையை மட்டும் விட்டுவிட்டு முன்னேபின்னே வாருங்கள்.

சித்திரை, வைகாசியில் கூட்டிவரச் சொல்லி அடம் பிடிப்பவர்களுக்கு ஒரே ஒரு ஆறுதல் உண்டு: பாலைப் பழம். காட்டில் நிறைந்திருக்கும் பாலை மரத்தில் மஞ்சளாகச் சின்னச் சின்னதாய்ப் பழுக்கும். சாப்பிட்டால் உதட்டில் பசை ஒட்டிக்கொள்ளும், அவ்வளவு இனிப்பு. எங்கள் பிள்ளைகளுக்குக் கோடை என்றால் அதுதான். ஆனால் அதற்காக அந்த வெயிலில் குடும்பத்தோடு வரச் சொல்ல மாட்டேன்.

வந்து சேர்வது, தங்குவது

சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் காரைக்கால் எக்ஸ்பிரஸில் ஏறி விடியற்காலை நாகப்பட்டினத்தில் இறங்கலாம். அங்கிருந்து வேதாரண்யத்துக்குப் பேருந்து அடிக்கடி உண்டு, வேளாங்கண்ணி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும். சென்னையிலிருந்து வேதாரண்யத்துக்கே நேரடி அரசுப் பேருந்தும் இருக்கிறது. தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வருகிறவர்கள் திருச்சி, தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று வாருங்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியன்பள்ளி வரைக்கும் ரயில் பாதையை அகலப்படுத்தி 2023 ஏப்ரலில் மறுபடி திறந்தார்கள். பல வருடம் வண்டி இல்லாமல் கிடந்த தடம் அது. ஒன்றிரண்டு வண்டிகள்தான் ஓடுகின்றன, அதனால் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். நேரம் ஒத்துவந்தால் அதில் வருவதற்கே ஓட்டுப் போடுவேன். கடைசி நிலையம் நெருங்க நெருங்க வயல் போய் உப்பளம் வந்துவிடும்.

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர். டவுன் பஸ் உண்டு, ஆனால் விடியும் முன் கிளம்ப அதை நம்ப முடியாது. சொந்த வண்டி இல்லையென்றால் முதல் நாள் மாலையே ஒரு ஆட்டோவோ காரோ பேசி வைத்துவிடுங்கள். "காலையில் அஞ்சேகாலுக்கு வாசல்ல நிக்கணும், பத்து மணி வரைக்கும் கூடவே இருக்கணும்" என்று தெளிவாகச் சொல்லி, காத்திருக்கும் கூலியையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். ஓட்டுநர் அமைதியானவராக இருக்க வேண்டும். சதுப்பு ஓரத்தில் ஒரு ஹாரன் அடித்தால் போதும், அந்தக் காலை வீணாகிவிடும்.

தங்குவதற்கு இரண்டு வழி. ஒன்று, வேதாரண்யத்தில் சாதாரண லாட்ஜ். சுத்தமாக இருக்கும், ஆடம்பரம் எதிர்பார்க்காதீர்கள். இன்னொன்று, கோடியக்கரையிலேயே வனத்துறையின் பூநாரை இல்லம். அறைகள் குறைவு. நாகப்பட்டினத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்னதாகப் பேசி, அறை கிடைக்குமா, எப்போது பூட்டியிருக்கும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கிடைத்தால் அதையே எடுங்கள். அறைக்கு வெளியே வந்தாலே மான் நிற்கும். வேளாங்கண்ணியில் தங்கிக்கொண்டு தினமும் காலையில் வந்து போகலாம் என்று சிலர் திட்டம் போடுவார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், இருட்டில் ஓட்ட வேண்டும், கடைசியில் ஏழரை மணிக்கு வந்து நிற்பார்கள். அந்தத் திட்டம் வேண்டாம்.

பணம், பெட்ரோல், மாத்திரை மருந்து, குடிதண்ணீர் எல்லாவற்றையும் வேதாரண்யத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஆதார் மாதிரி அடையாள அட்டை ஒன்று ஒவ்வொருவர் கையிலும் இருக்கட்டும். எல்லைக் கடல் என்பதால் கரையில் கடற்படையும் காவல்துறையும் இருக்கிறார்கள், நிறுத்திக் கேட்டால் பொறுமையாகக் காட்டிவிட்டுப் போகலாம்.

முதல் நாள் மாலை: காடு

மதியச் சாப்பாட்டுக்கு வேதாரண்யம் வந்து சேர்ந்தால் போதும். மூன்றரைக்குக் கிளம்புங்கள். வழியில் அகஸ்தியன்பள்ளி, இரண்டு பக்கமும் உப்பளம், அப்புறம் கோடியக்காடு, அதைத் தாண்டினால் சரணாலயம். 1967இல் வெளிமானுக்காகவே ஏற்படுத்திய சரணாலயம் இது. நுழைவாயிலில் கட்டணம் கட்டிவிட்டு, உள்ளே எந்த வண்டி போகலாம், எதுவரை போகலாம், வழிகாட்டி இருக்கிறாரா என்று கேளுங்கள். மழைக்குப் பின் சில தடங்களை மூடியிருப்பார்கள். வழிகாட்டியோ காவலரோ கூட வருவதாக இருந்தால் மறுக்காதீர்கள். நூறு மீட்டர் தள்ளி நிற்கும் மானை நீங்கள் மண் என்று தாண்டிப் போவீர்கள்; அவர் கண்ணுக்கு அது மான்.

வெளிமான் காட்டு மானல்ல, வெட்டவெளி மான். புள்ளிமானும் இங்கே உண்டு, அது மரத்தடியில் நிற்கும். வெளிமானைத் தேட மரங்களை விட்டுப் புல்வெளியைப் பாருங்கள். கிடா முதுகில் கறுத்து, வயிற்றில் வெளுத்து, முறுக்கிய கொம்போடு இருக்கும். பெட்டைகள் மணல் நிறம், கொம்பு கிடையாது. ஒரு கிடா தனக்கென்று ஒரு துண்டு நிலத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கிடா எல்லைக்கு வந்தால் தலையை நிமிர்த்தி, கொம்பை முதுகோடு சாய்த்து, விறைப்பாக நடந்து வரும். சண்டை வருவது அபூர்வம். அந்த நடையிலேயே மற்றது விலகிவிடும். இதைப் பார்க்க வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கால் மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். இறங்காதீர்கள். வண்டிக்குள் இருக்கும்வரை மான் கண்டுகொள்ளாது, ஒரு கால் தரையில் பட்டதும் ஓடிவிடும்.

புல்வெளியில் குட்டையாகக் குதிரைகளும் மேயும். எப்போதோ மனிதர்கள் கொண்டுவந்து விட்டுப் போனவை, இப்போது தாமாகவே வாழ்கின்றன. பார்க்க அழகுதான். ஆனால் மானின் புல்லையும் கோடையில் மானின் தண்ணீரையும் அவையும் பங்கு போடுகின்றன. சீமைக்கருவேலமும் அப்படித்தான், புல்வெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குகிறது. வனத்துறை வெட்டி அப்புறப்படுத்திக்கொண்டிருக்கிறது. வெட்டிய இடத்தில் புல் வந்து, அதில் மான் நிற்பதைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

குரங்குகளுக்கு எதுவும் போடாதீர்கள். வாழைப்பழமும் வேண்டாம், பிஸ்கட்டும் வேண்டாம். சாலையோரம் கையேந்தி உட்கார்ந்து, வேகமாக வரும் வண்டியில் அடிபட்டுச் சாகும் குட்டிகளை நாங்கள்தான் பார்க்கிறோம்.

நேரம் இருந்தால் ராமர் பாதத்தில் ஏறுங்கள். சின்ன மேடு, அதன்மேல் சின்ன மண்டபம். தட்டையான இந்த நிலத்தில் அந்த மேடே உயரம்தான். ராமர் இங்கே நின்று இலங்கையைப் பார்த்ததாக நம்பிக்கை. அங்கிருந்து காட்டின் தலையையும் அதற்கு அப்பால் வெளுத்துக் கிடக்கும் சதுப்பையும் ஒருசேரப் பார்த்தால், மறுநாள் காலை எங்கே போகப் போகிறீர்கள் என்பது புரியும். ஆறு மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

இரண்டாம் நாள் விடியல்: சதுப்பு

இதற்காகத்தான் இரண்டு இரவு தங்கச் சொல்கிறேன். முதல் விடியலில் கூட்டம் கிட்டத்தில் இல்லையென்றால் மறுநாள் விடியலும் உங்கள் கையில் இருக்கும்.

பம்ப் ஹவுஸ் பக்கம், கோவைத்தீவு பக்கம் என்று வழக்கமாகப் பார்க்கும் இடங்கள் உண்டு. ஆனால் எந்த இடம் என்பதை முதல் நாள் மாலையே சரணாலயக் காவலரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சதுப்பில் தண்ணீர் ஒரே இடத்தில் நிற்பதில்லை. காற்று ஒரு பக்கம் அடித்தால் மெல்லிய தண்ணீர் அந்தப் பக்கம் ஏறிக்கொள்ளும். நேற்று சேறாக இருந்த இடம் இன்று குளமாகும். பறவைகள் தண்ணீரோடு நகரும். போன தை மாதம் ஒரு காவலர் சொன்னது: "டீச்சர், நேத்து வாடைக்காத்து. கும்பல் மேக்கால போயிடுச்சு. காலையில இங்க நின்னு பிரயோசனமில்ல, அந்தாண்ட வாங்க." அவர் சொன்ன பக்கம் போனோம், கூட்டமாக நின்றன. பறவை பார்க்கும் செயலிகளில் நான்கு நாள் முன்பு யாரோ போட்ட குறிப்பைவிட, அன்றாடம் அங்கே நடக்கிறவர் சொல்லும் ஒரு வரி பெரிது.

சூரியன் உதிக்கும்போது உங்கள் முதுகுப் பக்கம் இருக்குமாறு நின்றுகொள்ளுங்கள். எதிர் வெளிச்சத்தில் எல்லாப் பறவையும் கறுப்புதான். முதலில் தொடுவானத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரியும், உப்புக் குவியல் என்று நினைப்பீர்கள். பைனாகுலரை வைத்தால் அந்தக் கோடு அசையும். பூநாரை நின்ற நிலையில் வெளிர் நிறம்தான். படங்களில் பார்த்த சிவப்பு எங்கே என்று ஏமாறாதீர்கள், அது இறக்கைக்குள் இருக்கிறது. ஒன்று இறக்கையை விரித்துச் சோம்பல் முறிக்கும்போது உள்ளே சிவப்பும் ஓரத்தில் கறுப்பும் பளிச்சென்று தெரியும்.

தின்பதைப் பாருங்கள். இதை நான் மாணவர்களுக்கு எப்போதும் காட்டுவேன். பூநாரை தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, மேலலகு கீழே வருமாறு தண்ணீரில் வைத்துக்கொள்ளும். நாக்கைப் பம்ப் மாதிரி அடித்துத் தண்ணீரையும் சேற்றையும் உள்ளே இழுத்து, அலகின் ஓரச் சல்லடையில் வடித்து வெளியே தள்ளும். சிக்கும் பூச்சி புழுக்களும் பாசியும்தான் அதற்கு உணவு. சில சமயம் ஒரே இடத்தில் நின்று காலால் சேற்றை மிதித்துக்கொண்டே வட்டமாகச் சுற்றும். அடியில் இருப்பதைக் கிளப்பி விடுகிறது. தண்ணீர் தெளிந்த பிறகு அந்த இடத்தில் வட்ட வட்டமாகத் தடம் இருக்கும்.

பூநாரையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். சேற்று ஓரத்தில் ஓடிக்கொண்டேயிருக்கும் சின்னஞ்சிறு உள்ளான்கள் உள்ளங்கையில் அடங்கும், ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகின்றன. ஒரு கும்பல் எழும்பித் திரும்பும்போது ஆயிரக்கணக்கான வயிறுகள் ஒரே நொடியில் வெளுக்கும். கூழைக்கடா, கரண்டிவாயன், மஞ்சள் மூக்கு நாரை, ஆலா எல்லாம் உண்டு. பறவைகள் காலில் வளையம் தெரிந்தால் நிறத்தையும் எழுத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல்லாண்டுகளாக இங்கே பறவைகளுக்கு வளையமிட்டு ஆய்வு செய்கிறார்கள். நீங்கள் பார்த்த வளையத்தைத் தெரிவித்தால் அவர்களுக்குப் பயன்படும்.

கிட்டே போகாதீர்கள். போக வேண்டும் என்று கை பரபரக்கும். பூநாரைக் கூட்டம் தலையை நிமிர்த்தி ஒரே திசையில் நடக்க ஆரம்பித்தால், உங்களைக் கண்டு மிரள்கிறது என்று பொருள். அங்கேயே நின்றுவிடுங்கள், முடிந்தால் இரண்டடி பின்னால் வாருங்கள். ஒரு முறை பறக்க வைப்பது நமக்குப் படம், அதற்கு வந்த களைப்போடு இன்னொரு களைப்பு. ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். சரணாலயத்தில் அனுமதியில்லாமல் பறக்கவிடுவது குற்றம். அப்புறம், சேற்றில் இறங்காதீர்கள். மேலே காய்ந்து வெடித்திருக்கும், கீழே முழங்காலுக்கு மேல் உள்வாங்கும்.

கொண்டுவர வேண்டியது அதிகமில்லை. நல்ல பைனாகுலர் (எட்டு மடங்கு போதும்), மங்கல் நிறச் சட்டை, தலைக்குத் தொப்பியோ துண்டோ, கொசுவுக்கு எண்ணெய், பழைய செருப்பு. ஜனவரி விடியலில் வாடை அடிக்கும், பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் வேண்டும். எட்டரை ஒன்பது மணிக்கெல்லாம் கானல் எழும்பி, தூரத்துப் பறவைகள் நெளியத் தொடங்கும். அதோடு சதுப்பு முடிந்தது, டிபன் சாப்பிடப் போகலாம்.

கரையும் மீனும்

அக்டோபரிலிருந்து மார்ச் வரைக்கும் கோடியக்கரையில் மீன்பிடி சீசன். நாகை, கடலூர், காரைக்கால் பக்கத்திலிருந்தெல்லாம் மீனவர்கள் ஃபைபர் படகோடு வந்து, வாடி (தற்காலிகக் குடிசை) போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். மற்ற மாதங்களில் வெறிச்சோடிக் கிடக்கும் கரை அப்போது ஓர் ஊராகிவிடும். படகு கரையேறும்போது போனால் ஏலம் பார்க்கலாம். காலா, வாவல், இறால், நண்டு என்று கூடை கூடையாக வரும். ஏலம் நடக்கும் வட்டத்துக்குள் புகுந்து படம் எடுக்காமல் ஒதுங்கி நின்று பாருங்கள். முடிந்ததும் கேட்டால் பேசுவார்கள். வாவலோ காலாவோ வாங்கிக்கொண்டு போனால், சொல்லி வைத்த மெஸ்ஸில் குழம்பு வைத்துத் தருவார்கள். காலா மீனை மண்சட்டியில் புளி கரைத்து வைத்து, காலையில் வைத்த குழம்பை இரவு சாப்பிட வேண்டும். அதன் ருசியை எழுதிக் காட்ட எனக்கு வராது.

கரையோரம் இடிந்து கிடக்கும் செங்கல் கட்டுமானம் சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று சொல்லப்படுவது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அது சரிந்தது. இப்போது அடிப்பகுதிதான். அதன்மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள், இருக்கிறதாவது இருக்கட்டும்.

அமாவாசை நீராடலை விட்டால், குளிக்கிற கடல் அல்ல இது. ஆழமில்லை என்று தோன்றும், ஆனால் சேறு காலை இழுக்கும். கால் நனைத்தால் போதும். ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும். வனத்துறை அந்த முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறது. மார்ச், ஏப்ரலில் வந்தால் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்க முடியுமா என்று காவலரிடம் கேட்டுப் பாருங்கள். தாமாகவே இரவில் டார்ச்சோடு கரையில் நடக்க வேண்டாம்.

குழகர் கோயிலுக்கும் போங்கள். கடற்காற்று வந்து மோதும் இந்தக் கரையில் இறைவன் துணையில்லாமல் தனியே இருக்கிறாரே என்று சுந்தரர் மனம் நொந்து பாடிய தலம். ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக இது ஒதுக்குப்புறமாகவே இருந்திருக்கிறது.

வெயில் நேரத்துக்கு

பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை வேதாரண்யத்தில் இருங்கள். பன்னிரண்டு மணிக்குள் மறைக்காட்டீஸ்வரர் கோயிலுக்குப் போய்விடுங்கள், அப்புறம் நடை சாத்திவிடுவார்கள். இந்தக் கோயிலின் விளக்கை வைத்து 'வேதாரண்யம் விளக்கழகு' என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அப்பர் பாடித் திறந்த, சம்பந்தர் பாடி அடைத்த கதவைக் கேட்டால் காட்டுவார்கள்.

அகஸ்தியன்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவுத் தூண் இருக்கிறது. 1930 ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சியில் கிளம்பிய ராஜாஜியும் தொண்டர்களும் நடந்தே வேதாரண்யம் வந்து, 30ஆம் தேதி இங்கே உப்பு அள்ளிக் கைதானார்கள். இங்கே அவர்களுக்கு எல்லாம் ஏற்பாடு செய்தவர் எங்கள் ஊர் வேதரத்தினம் பிள்ளை. நடந்தவர்களுக்குச் சோறு போட்டால் சிறை என்று ஆட்சியர் மிரட்டியும் வழிநெடுக மக்கள் சோறு போட்டார்கள். தூணைப் பார்த்துவிட்டுப் பக்கத்து உப்பளத்தையும் பாருங்கள். தை மாதத்தில் பாத்தியைக் காலால் மிதித்துச் சேறு பக்குவம் செய்துகொண்டிருப்பார்கள். உப்பு வார ஆரம்பிப்பது அதற்குப் பிறகு. வரப்பில் நடக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள், மிதித்த பாத்தியில் செருப்புத் தடம் விழுந்தால் அவர்கள் வேலை கெடும்.

இன்னொரு நாள் இருந்தால்

முத்துப்பேட்டைக்குப் போங்கள். வேதாரண்யத்திலிருந்து திருத்துறைப்பூண்டி வழியாகப் போகலாம். முத்துப்பேட்டை பக்கத்து ஜாம்பவானோடையிலிருந்து ஆற்று வழியாகப் படகில் அலையாத்திக் காட்டுக்குள் போய், அதற்கு அப்பால் உள்ள பெரிய காயலில் வெளியே வருவீர்கள். இதற்கு வனத்துறை அனுமதி வேண்டும், முதல் நாளே வாங்கி வைத்துவிடுங்கள். காலை ஏழு மணிக்குப் படகில் உட்காருவதுதான் நல்லது; மதியத்துக்கு மேல் காயலில் காற்று ஏறினால் திரும்பி வர நேரமாகும். சேற்றிலிருந்து ஆணி ஆணியாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அலையாத்தியின் மூச்சுவேர்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். காற்றில்லாத சேற்றில் நிற்கும் மரம் அவற்றின் வழியாகத்தான் மூச்சு விடுகிறது.

படகில் ஏறும் முன் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: உயிர்காப்பு உடுப்பு எல்லோருக்கும் இருக்கிறதா, காயல் வரைக்கும் போகுமா, எத்தனை மணிக்குத் திரும்பும். சாப்பாட்டையும் தண்ணீரையும் கையோடு எடுத்துப் போங்கள். குப்பையைப் போட ஒரு பையும் எடுத்துப் போய், அதைத் திருத்துறைப்பூண்டி வந்து போடுங்கள்.